பழுது ஒன்று, மாற்றியது வேறொன்று

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. ரெகுலேட்டரை மாற்றுகிறார்கள், சரியாகவில்லை. விசிறியையே கழற்றிவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள். காடி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. புது பேட்டரி போடுகிறார்கள். நாலாம் நாள் மறுபடியும் அதே கதை. ஏர்கோன் குளிரவில்லை. கேஸ் ஏற்றுகிறார்கள், இரண்டு மாதம் கழித்து மீண்டும் ஏற்றுகிறார்கள். ராசாவில் எந்தத் தாமானில் விசாரித்தாலும் இந்த மூன்றில் ஒன்றாவது அந்த வீட்டில் நடந்திருக்கும். பழுது சிறியது, அதைச் சரிசெய்யும் கைவேலையும் சிறியது. பணம் போனதெல்லாம் பழுது இன்னதென்று தீர்மானித்த இடத்தில். அந்தத் தீர்மானம் ஏன் இத்தனை முறை தவறுகிறது, எங்கே தவறுகிறது, எப்போது அது உயிருக்கே ஆபத்தாகிறது என்பதை முழுமையாகப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நெகிரி செம்பிலானில் சிரம்பான் நகரை ஒட்டிய ஊர் ராசா. லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இங்கும் அக்கம்பக்கத்துத் தாமான்களிலும் குடியிருக்கிறார்கள். தோட்டத் துண்டாடல், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்குப் போனது என்று அந்த இடப்பெயர்வுக்குப் பல காரணங்கள். அவற்றை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பழுதுபார்க்கும் அறிவுக்கு அந்த இடப்பெயர்வில் என்ன ஆனது என்பதை மட்டும் அதிகம் யாரும் எழுதவில்லை.

தோட்டத்து ஆலையில் ஒரு ஃபிட்டரோ என்ஜின் டிரைவரோ இருப்பார். ஷீட் அழுத்தும் உருளை, தண்ணீர் பம்பு, மாலையில் சில மணி நேரம் லயத்துக்கு வெளிச்சம் கொடுக்கும் டீசல் ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. அதே இயந்திரத்தோடு இருபது வருடம் இருப்பார். போன மழைக்காலத்தில் எந்த பேரிங் சூடானது, எந்த நட்டு தானாகத் தளரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உதிரிப்பாகம் வந்து சேர நாளாகும் என்பதால், தீரப் பார்க்காமல் ஒன்றை மாற்றும் வசதி அவருக்கு இல்லை. தட்டுப்பாடுதான் அவரைக் கவனிக்க வைத்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்த லயங்களும் உண்டு. பழுதைச் சொல்ல வந்த ஃபியூஸின் வாயை அடைப்பது அன்றைக்கும் இருந்தது. ஆனால் இயந்திரத்தின் வரலாறு தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். தாமானில் அப்படி யாரும் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறொருவர் வருகிறார். அரை மணி நேரம் பார்க்கிறார். எதையோ மாற்றிவிட்டுப் போகிறார்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது? மேற்கூரையில் தொங்கும் மின்விசிறியையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஏசி மோட்டார் விசிறிக்குள் ஒரு சிறு கெபாசிட்டர் உண்டு. மோட்டாருக்குச் சுழலும் தள்ளுவிசையைக் கொடுப்பது அதுதான். வருடக்கணக்கான சூட்டில் அதன் கொள்திறன் குறைந்துகொண்டே போகும். அப்போது எல்லா வேகத்திலும் விசிறி மெதுவாகும். முற்றிப்போனால், சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்' என்று முனகும், சுற்றாது, குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்கும். தள்ளினால் சுற்றுகிறதென்றால் சந்தேகப்பட வேண்டியது கெபாசிட்டரை. மின்சாரத்தை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றும்போதே இறுக்கமாக இருந்தால் பேரிங். முனகலே இல்லையென்றால் சுவிட்ச், ரெகுலேட்டர், உள் சுருள் என்று தேட வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கருவிகூடத் தேவையில்லை. காதும் கையும் போதும். கெபாசிட்டரின் விலையோ சில வெள்ளி. இருந்தும் பல வீடுகளில் விசிறி மொத்தமாகக் குப்பைக்குப் போகிறது. மெதுவாகச் சுற்றுவது என்றால் 'மோட்டார் வீக்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தவறான தீர்மானம் பல நேரம் சரியானதுபோல் தோற்றம் காட்டும். புது பேட்டரி முழுச் சார்ஜோடு வருகிறது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்காவிட்டாலும் காடி மூன்று நாள் ஓடும். அந்த மூன்று நாளும் 'பேட்டரிதான் கோளாறு' என்ற முடிவு சரியென்றே நினைப்போம். ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டும்போது பக்கத்தில் தளர்ந்திருந்த ஓர் இணைப்பு அழுந்தி உட்காரும், வண்டி ஓடும், பெயர் புதுப் பாகத்துக்குப் போகும். கழற்றிய பழைய பாகம் தொட்டிக்குப் போய்விடுவதால் அது கெட்டிருந்ததா என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. இப்படித் தொழிலாளியின் அனுபவம் வளர்கிறது, அறிவு வளர்வதில்லை. விமானத் துறையில் இதைப் பெரிய சிக்கலாகவே பேசுகிறார்கள். விமானத்திலிருந்து கெட்டதென்று கழற்றி அனுப்பும் கருவியைப் பட்டறை மேசையில் சோதித்தால் பல நேரம் எந்தக் கோளாறும் இருக்காது. 'பழுது காணப்படவில்லை' என்று அதற்கொரு தனி வகைப்பாடே வைத்து, அதைக் குறைக்க வழிகாட்டி நெறிகளும் வகுத்திருக்கிறார்கள். காரணம், அங்கே கழற்றிய பாகத்தைச் சோதிக்கிறார்கள். நம் பட்டறைகளில் சோதிப்பதில்லை. அதனால் அப்படி ஒரு சிக்கல் இருப்பதே வெளியே தெரிவதில்லை.

காடி பேட்டரிக்கு வருவோம். நம் வெயிலில் பேட்டரி சீக்கிரம் சாகும் என்பது உண்மை. அதனாலேயே எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை இது. இரவெல்லாம் நின்ற காடியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் சார்ஜ் நிறைவாக இருக்கிறது. 12-க்குக் கீழே இருந்தால் காலி. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏறினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஓடும்போதும் 12-லேயே நின்றால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயனில்லை. இரண்டும் சரி, ஆனாலும் காலையில் காலியாகிறதென்றால், காடி நிற்கும்போதே மின்சாரம் குடிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. பிற்பாடு மாட்டிய கேமரா, அலாரம் போன்றவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். மீட்டரை எடுப்பதற்கும் முன்னால், முனைகளில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கும் பொடியைச் சுரண்டி, கிளாம்பை இறுக்கிப் பாருங்கள். அதோடு தீர்ந்துபோவதும் உண்டு.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே ஒழுங்குதான். கார்புரேட்டர் வைத்த பழைய இஎக்ஸ்5 உதைத்து உதைத்தும் கிளம்பவில்லையென்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விசாரணை முடிந்தது. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் சந்தேகம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கரி படிந்திருந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, பெட்ரோல் கூடுதலாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். மழையில் மட்டும் நிற்கும் வண்டிக்கு பிளக் தொப்பியின் விரிசலைப் பார்க்காமல் கார்புரேட்டரைப் பிரிப்பது வீண் வேலை. புதிய காடிகளில் ஸ்கேனர் வந்துவிட்டது, இனித் தவறு நடக்காது என்று சிலர் நம்புகிறார்கள். கலவையில் பெட்ரோல் குறைவு என்று ஸ்கேனர் ஒரு குறியீட்டைக் காட்டினால், அதைச் சொன்ன ஆக்சிஜன் சென்சாரையே பிடுங்கி மாற்றிவிடுகிறார்கள். சென்சார் தான் கண்டதைச் சொன்னது. வெடித்த ரப்பர் குழாய் வழியாகக் காற்று புகுவது அப்படியே இருக்கிறது. ஸ்கேனர் சொல்வது அறிகுறியை. காரணத்தை மனிதர்தான் தேட வேண்டும்.

ஏர்கோன் விஷயம் இன்னும் மோசம். அதில் தவறான தீர்மானத்துக்குக் கருவியே சாட்சி சொல்லும். "தம்பி, போன மாசம்தான் கேஸ் போட்டாங்க, மறுபடி ரூம் குளிரல" என்று வீட்டு அம்மா சொல்வார். வந்தவர் மானியை மாட்டுவார். அழுத்தம் குறைவாகக் காட்டும். "கேஸ் குறஞ்சிருக்குக்கா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மானி உண்மையில் குறைவாகத்தான் காட்டுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் சுருளில் அழுக்குப் படிந்து காற்று போகாவிட்டாலும், வடிகட்டி அடைத்திருந்தாலும், திரும்பும் பக்கத்து அழுத்தம் இப்படித்தான் இறங்கும். சுருளில் பனிக்கட்டியும் கட்டும். கேஸ் குறைந்தாலும் அதே அறிகுறி. இரண்டையும் பிரித்தறிய முதலில் வடிகட்டியையும் சுருளையும் கழுவிவிட்டு, பிறகு அளக்க வேண்டும். கழுவாமல் கேஸ் ஏற்றினால் தேவைக்கு மேல் போய், கம்ப்ரெசர் திணறும். சிறு பழுது பெரும் பழுதாகும். அடிப்படையாக ஒன்றை எல்லா வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஏர்கோன் கேஸ், பெட்ரோல்போல் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் காட்டாமல் கேஸ் மட்டும் ஏற்றிக் கொடுப்பவருக்கு, 'எங்கே கசிகிறது?' என்ற ஒரு கேள்வி போதும்.

கூரைப்பலகையில் ஈரம் தெரிந்தால் 'ஓடு உடைந்திருக்கிறது' என்று ஏணி தேடுவதும் இந்த வகைதான். மழைக்குப் பின் மட்டும் நனைந்தால் ஓடு. மழையில்லாத நாளிலும் ஊறினால் தொட்டியோ குழாயோ. ஏர்கோன் ஓடும் இரவில் மட்டும் பெரிதானால், அடைத்துப்போன அதன் நீர்வடிகுழாய். ஒரு வாரம் நாள்காட்டியில் குறித்து வந்தால் கறையே விடை சொல்லிவிடும்.

மேலே சொன்னதெல்லாம் பணத்தோடு போகும். 'டிரிப்' ஆகும் விஷயம் அப்படியில்லை. டிபி பெட்டியில் டெஸ்ட் பொத்தானோடு இருக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்சை நம் வீடுகளில் இன்னும் பலர் ஈஎல்சிபி என்றே சொல்கிறார்கள். லைவ் கம்பியில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லையென்றால், நடுவில் எங்கோ கசிகிறது என்று அறிந்து அது விழுந்துவிடும். அந்தக் கசிவு சுவர் வழியாகவும் போகலாம், மனித உடல் வழியாகவும் போகலாம். 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் பொதுவான இடத்துக்கு 100 மில்லிஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30, தரை ஈரமாயிருக்கும் இடத்துக்கு 10 என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் காவல் கேட்பது இதனால்தான்.

இந்த சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் 'இது கெட்டுப்போச்சு' என்பதுதான் வீடுகளில் முதலில் வரும் தீர்ப்பு. சில நேரம் உண்மையாகவே கெட்டிருக்கும். நெகிரி செம்பிலானில் மாலை இடிமழைக்குக் குறைவில்லை; மின்னலடித்த நொடியில் விழுந்து, தூக்கிவிட்டதும் நின்றுவிட்டால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப விழுந்தால், அது தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தேடலைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் இருக்கும் எம்சிபி சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே இறக்கி, ஆர்சிசிபியைத் தூக்கி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றி வருவது நல்ல முறை. எந்தக் கிளையை ஏற்றும்போது விழுகிறதோ அந்தக் கிளையில் தேடலாம். இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. நம் வீடுகளில் எம்சிபி பெரும்பாலும் லைவ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். ஒரு கிளையில் நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கிளையை அணைத்திருக்கும்போதே, வேறொரு கிளையில் சுமை ஏறியதும் ஆர்சிசிபி விழலாம். குற்றம் ஓரிடத்தில், பழி வேறிடத்தில். ஆகவே சந்தேகப்படும் சாதனத்தைச் சுவிட்சில் அணைத்தால் போதாது, பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் விழுந்தால் வயரிங்கைச் சோதிக்க வேண்டும். அது எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேனின் வேலை, இன்சுலேஷன் மானி வைத்துச் செய்வது; வீட்டுக்காரர் கைவைக்கக்கூடாது.

கண்டுபிடித்தபின் பார்த்தால் காரணம் சிறியதாக இருக்கும். மழைநீர் இறங்கிய வாசல் விளக்கு, பல்லியோ எறும்போ குடியேறிய ஆட்டோகேட் பெட்டி, வெடித்துப்போன வாட்டர் ஹீட்டர் சுருள், ஈரம் ஏறிய குளிர்பெட்டியின் பனியுருக்கி. சில வீடுகளில் எந்த ஒன்றும் குற்றவாளியாக இருக்காது. கணினி, சலவை இயந்திரம் என்று ஒவ்வொன்றும் இயல்பாகவே துளித்துளியாகக் கசியவிடும். எல்லாம் கூடும்போது சுவிட்ச் விழும். எழுதியிருக்கும் அளவை எட்டும்வரை அது காத்திருப்பதில்லை, பாதி அளவுக்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். இதையெல்லாம் தேட நேரமாகும் என்பதால் ஆர்சிசிபியைத் தாண்டி நேர்கம்பி கொடுத்துவிட்டு 'இனி விழாதுண்ணே' என்று சொல்லிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விழாதுதான். அடுத்த முறை கசியும்போது அதைத் தாங்கப்போவது ஈரக்காலோடு நிற்கும் பிள்ளையின் உடம்பு.

டெஸ்ட் பென்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு இருக்கும் கருவி அது. பிளக்கின் இரண்டு துளையிலும் விளக்கு எரிகிறது, 'ரெண்டு பக்கமும் கரண்ட் வருது' என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது நியூட்ரல் அறுந்ததன் அறிகுறி. அதே கிளையில் போட்டு வைத்திருக்கும் ஒரு விளக்கு வழியாக லைவ் நுழைந்து, திரும்ப வழியில்லாமல் நியூட்ரல் பக்கம் நிற்கிறது. பென் எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்பிக் கைவைப்பது அதைவிட ஆபத்து. பென்னின் சிறு விளக்கே செத்திருக்கலாம். முதலில் உயிருள்ள பிளக்கில் சோதித்து, பிறகு சந்தேகப்படும் இடத்தில், பிறகு மறுபடியும் உயிருள்ள பிளக்கில் சோதிப்பதுதான் முறை.

ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள்? டென்மார்க்கின் ரைசோ ஆய்வகத்தில் யென்ஸ் ராஸ்முசன், ஆகே யென்சன் இருவரும் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர்களை உட்காரவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்தார்கள். அந்த ஆய்வு 1974-இல் வெளிவந்தது. ஆழமான கோட்பாட்டு யோசனையை அந்தத் தொழிலாளிகள் அதிகம் பயன்படுத்தவில்லை. எளிய சிறு சோதனைகளை மளமளவென்று செய்துகொண்டே பழுதிருக்கும் இடத்தை நெருங்கினார்கள். பொறியாளர் கண்ணுக்கு அது வீண் அலைச்சலாகத் தெரிந்தாலும் அவர்களுடைய வேலைக்கு அது பொருத்தமான வழியே என்றார்கள் ஆய்வாளர்கள். எனக்கு இது பெரிய ஆறுதல். நம் பட்டறைத் தம்பிகளுக்குப் பௌதிகம் போதாது என்று குறைசொல்வது தவறு. சிறு சோதனைகளைச் செய்ய அவர்களுக்கு நேரமும் கூலியும் இல்லை என்பதே குறை. ஜூலியன் ஓர் என்பவர் ஜெராக்ஸ் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே திரிந்து 1996-இல் ஒரு நூல் வெளியிட்டார். கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித் தீர்த்துக்கொண்டதை அதில் விரிவாகக் காட்டினார். தோட்டத்து ஃபிட்டரின் அறிவும் இப்படித்தான் பரவியது. தாமானில் ஆளுக்கொரு வேனில் தனித்தனியாக ஓடும் தொழிலாளிகளுக்கு அந்த மேசை இல்லை.

டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ சொன்ன ஐந்து 'ஏன்' பலருக்கும் தெரிந்திருக்கும். இயந்திரம் நின்றது, ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்பு சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போனது. முதல் 'ஏன்'-இல் நின்றிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றியிருப்பார்கள். நல்ல முறைதான், ஆனால் முதலில் கண்டது பிழையானால் ஐந்து கேள்வியும் சேர்ந்தே தவறான வழியில் போகும். மருத்துவத்தில் இதை இன்னும் கூர்மையாக ஆராய்ந்திருக்கிறார்கள். முதலில் தோன்றிய நோயிலேயே மனம் நங்கூரமிட்டுவிடுவது, விசாரணையைப் பாதியில் முடித்துக்கொள்வது போன்ற பிழைகளைக் கனடிய மருத்துவர் பேட் குரோஸ்கெரி 2003-இல் எழுதிய கட்டுரையில் வரிசைப்படுத்தினார். ராசா சாலையில் இருக்கும் துவாங்கு ஜாபர் மருத்துவமனைக்குப் போனால் ஊசி போடும் முன் எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், இதற்கு முன் என்ன மருந்து என்று கேட்பார்கள். அதே கேள்விகளை நம் விசிறிக்கும் ஏர்கோனுக்கும் யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

இதில் நம் பங்கு பெரியது. வந்தவர் ஒரு மணி நேரம் சோதித்து, தளர்ந்த ஒரு திருகை முறுக்கிவிட்டு ஐம்பது வெள்ளி கேட்டால் முகம் சுளிக்கிறோம். பார்க்காமலே ஒரு பாகத்தை மாற்றி இருநூறு வெள்ளி கேட்டால், கையில் பொருள் இருக்கிறது என்று கொடுத்துவிடுகிறோம். பார்ப்பதற்குக் கூலி இல்லாத தொழிலில் யார் பார்ப்பார்கள்? பழுதுபார்ப்பவர்களின் நேர்மையைக் குறைசொல்லும் முன் இந்தக் கணக்கை நாம் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காசு வாங்கிச் செய்யும் சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் இருக்க வேண்டும். இல்லையென்றால் 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் எழுதிய ரசீது இல்லாமல் அங்கே நிரூபிப்பது கடினம்.

ஆகவே பழுதுபார்க்க ஆளைக் கூப்பிட்டால், சோதிப்பதற்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, அதை மனமாரக் கொடுங்கள். என்ன சோதித்தார், என்ன கண்டார், எதை மாற்றினார் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வைத்தால் அடுத்து வருபவருக்கு அதுவே பாதி வழி. எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே டிபி பெட்டியைத் திறந்து ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லையென்றால் வாட்டர் ஹீட்டரைப் போடாதீர்கள். சான்று பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.